பட்ட கிளை

வண்டன்மேட்டுப் பக்கம் எங்கள் ஏலத்தோட்டத்தில் அந்தப் பட்ட கிளையை வெட்டச் சொன்னது நான்தான். மழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும் நேரம். தென்மேற்குக் காற்றில் கிளை ஒடிந்தால் ஏலத் தூரின் மேல்தான் விழும். ஆளும் அன்றைக்குக் கையில் இருந்தது. என் கணக்கில் பிழை இல்லை.

கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வேலைக்கு வரும் அக்கா மட்டும் தயங்கினார்.

"தம்பி, அதுல குக்குறுவான் பொந்து இருக்கு. ஒரு மாசம் பொறுத்து வெட்டிக்கலாம்."

"மழை பொறுக்குமாக்கா?" என்றேன். அவர் வாயை அடைத்துவிட்ட பெருமை எனக்கு.

கிளை விழுந்து பிளந்தது. உள்ளே இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள். ஒன்றும் பிழைக்கவில்லை.

சிறிது நேரத்தில் தாயோ தகப்பனோ வந்தது. பச்சை உடம்பு, பழுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், அலகில் ஒரு பழம். நாளெல்லாம் 'குட்ரூ குட்ரூ' என்று கேட்ட குரலுக்கு அன்றுதான் முகம் பார்த்தேன். கிளை இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. உட்கார அங்கே ஒன்றும் இல்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். எங்கள் மாவட்டத்துப் பெரியாறு காட்டிலேயே இந்தச் சின்னக் குக்குறுவானையும், மலபார் குக்குறுவானையும் ஆராய்ந்து 1980-இல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியிருக்கிறார் ஹெச்.எஸ்.ஏ. யஹ்யா. சின்னக் குக்குறுவான் அடைகாக்க 14, 15 நாள். குஞ்சு பறக்க இன்னும் ஐந்து வாரம். பச்சை மரத்தைக் குடைய அதன் அலகுக்கு வலு போதாது, உளுத்த கட்டைதான் வேண்டும். நான் பட்டது என்று தள்ளிய கிளையைத்தான் அது வீடு என்று தேர்ந்தெடுத்திருந்தது. அக்கா கேட்ட ஒரு மாதமும் ஏறக்குறைய சரியான கணக்கு.

இப்போது கவாத்துக்கு முன் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை; மரத்தடியில் குனிகிறேன். புதிய மரத்தூள் கிடந்தால் மேலே யாரோ குடியேறுகிறார்கள். அந்த மரத்துக்கு அக்கா சுண்ணாம்புக் குறி வைப்பார். அதை யாரும் தொடுவதில்லை.

போன ஜூனில் அப்படி விட்ட கிளை ஒன்று முறிந்து இரண்டு தூர் நசுங்கியது. பொந்து காலியாகத்தான் இருந்தது. நஷ்டத்தைக் கவாத்துச் செலவில் எழுதினேன்.