அரிட்டாபட்டிக் குன்றுகளில் ஒரு காலை

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டத்திலுள்ள அரிட்டாபட்டியைப் பொழுது புலரும் வேளையில் அடைந்தோம். ஏழு குன்றுகள் சூழ அமைந்த சிற்றூர் அது.

பிள்ளைகளின் கைபற்றிப் பாறைச் சரிவில் மெல்ல ஏறினோம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரைக் கோயிலையும், சமணர் படுக்கைகளையும், ஈராயிரம் ஆண்டு கடந்த தமிழிக் கல்வெட்டையும் கண்டோம். வானில் வல்லூறு ஒன்று வட்டமிட்டது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகளோடு அழுங்கும், தேவாங்கும், மலைப்பாம்பும் இங்கு வாழ்கின்றன.

“பெய்யும் மழையெல்லாம் எங்கே போகும்?” என்று எங்கள் இளையவன் வினவினான். அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், கீழே மின்னிய கண்மாயைக் காட்டினார். பாறையில் விழும் நீர் சுனைகளில் தங்கி, வழிந்து, கண்மாயை நிரப்பி, வயலைச் சேர்கிறது. “மலை இருந்தால்தான் சோறு, தம்பி!” என்றார் அவர்.

அச்சொல்லுக்குப் பின்னே ஒரு போராட்டம் உண்டு. 2022 நவம்பரில் இங்குள்ள 193 எக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. ஆயினும் 2024 நவம்பரில், இதனையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்திற்காக ஏலம் போயிற்று. சுற்றுவட்டார மக்கள் கொதித்தெழுந்தனர்; 2025 சனவரி 7 அன்று மதுரைக்குப் பேரணியாய்த் திரண்டு வந்தனர். அம்மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது.

இறங்குமுன், உண்ட இடத்தில் கிடந்த காகிதங்களைப் பிள்ளைகள் பொறுக்கிப் பையிலிட்டனர். ஊரார் காத்துத் தந்த மலையைக் கெடுக்காது திரும்புதல் வருவோர் கடனன்றோ!