ஓங்கிய கை

ஒரு நாள் காலை, எங்கள் பங்கு இல்லத்து வாசலில் மூதாட்டி ஒருவர் ஆசீர் வேண்டித் தலைகுனிந்து நின்றார். சிலுவை அடையாளம் வரைய வலக்கையை உயர்த்தினேன். என் காலடியில் படுத்திருந்த நாய் உடல் நடுங்கிச் சுவரோடு ஒண்டியது. இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தது. மூதாட்டி அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆசீர் அளிக்க உயர்ந்த கைக்கும் அடிக்க ஓங்கிய கைக்கும் அந்த வாயில்லாச் சீவனுக்கு வேறுபாடு தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் வாய்ப்பளித்ததும் இல்லை.

அது ராஜபாளையம் இனத்து வெள்ளை நாய். பங்கு மக்களுள் ஒருவர் குட்டியாகக் கொடுத்தது. செருப்பைக் கடித்ததற்கும், வந்தவர்மீது பாய்ந்ததற்கும், கூப்பிட்டவுடன் வராததற்கும் பிரம்பால் திருத்தினேன். நானும் அவ்வாறே திருத்தப்பட்டவன்தான். ஓராண்டில் செருப்புக் கடிப்பது நின்றது. ஆனால் நான் இருக்கும்போது மட்டும். கூப்பிட்டால் வருவதோ அறவே நின்றது.

திருவெள்ளறையில் நாய்களைப் பழக்கும் இளைஞர் ஒருவர் இருப்பதாகக் கேள்வியுற்று, மண்ணச்சநல்லூர் வழியாக அதை அழைத்துச் சென்றேன். அறுவடை முடிந்த வயலொன்றில் தாண்டுவதற்கு மூங்கில் தடைகள், நுழைந்து செல்லப் பழைய சிமெண்டுக் குழாய், வளைந்து வளைந்து ஓட வரிசையாக நட்ட கழிகள். 1978-இல் இலண்டனில் நடந்த 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியில், பார்வையாளர்களை மகிழ்விக்கக் குதிரைத் தாண்டலைப் போல அமைத்த விளையாட்டு இது. இன்று பல நாடுகளில் போட்டியாக நடைபெறுகிறது. ஓடும் நாயை நடத்துபவர் தொடக்கூடாது. குரலும் கையசைவுமே துணை. அஞ்சிய நாயால் இந்த விளையாட்டை ஆட இயலாது.

அவர் கையில் பிரம்பு இல்லை. இடுப்புப் பையில் அவித்த கோழிக்கறித் துணுக்குகள் இருந்தன. எட்டி நின்ற என் நாயை அவர் கூப்பிடவும் இல்லை. அது தற்செயலாக அவர் பக்கம் தலை திருப்பியது. அக்கணமே நாக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பி ஒரு துணுக்கை எறிந்தார். பிறகு ஓரடி வந்தது. மீண்டும் ஒலி, மீண்டும் துணுக்கு. அரைமணி நேரத்தில் அவர் முழங்காலருகே நின்றது.

"கூப்பிட்டு, அது தாமதமாக வந்ததும் அடித்திருப்பீர்கள், ஃபாதர். வந்ததற்காக அடி விழுந்தது என்றுதான் அது கற்றிருக்கும்," என்றார்.

இதற்குப் பின்னால் நெடிய ஆய்வு உண்டு. நன்மை விளைவிக்கும் செயலை உயிர்கள் திரும்பச் செய்யும் என்பதை, பெட்டியில் அடைத்த பூனைகளைக் கொண்டு தார்ண்டைக் 1898-இல் விளக்கினார். ஸ்கின்னர் அதை மேலும் விரித்தார். கேரன் பிரையர் என்ற அமெரிக்கப் பெண்மணி டால்பின்களைப் பழக்கி அம்முறையைக் கற்றவர். 1984-இல் அதுபற்றி நூல் எழுதினார். டால்பினைப் பிரம்பால் திருத்த இயலுமா? அது நீந்தி அகன்றுவிடும்.

எனினும் என் மனம் வாதிட்டது. "தம்பி, இது கையூட்டு அல்லவா?" என்றேன்.

"முன்னால் காட்டி இழுத்தால் அது கையூட்டு. செய்த பிறகு கொடுத்தால் கூலி. பழகிய பின் கூலியையும் குறைத்துவிடுவேன், ஃபாதர். அப்போதும் அது வரும்."

நான் மௌனமானேன். தண்டனைக்கு அஞ்சி வருந்துவது குறையுடையது, அன்பின் பொருட்டு வருந்துவதே உத்தம மனஸ்தாபம் என்று எத்தனை ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன்! புனித தொன் போஸ்கோ ஒன்பது வயதில் கண்ட கனவில், சண்டையிட்ட சிறுவர்களைக் கைமுட்டியால் அடக்க முயன்றபோது, அடியால் அன்று, கனிவால் வெல்லவேண்டும் என்று பணிக்கப்பட்டார். 1877-இல் அவர் எழுதிய தடுப்புமுறைக் கல்வியை நான் குருமடத்தில் படித்தேன். தேர்விலும் எழுதினேன். பிரம்பை மட்டும் விடவில்லை.

திரும்பும் வழியில் அவ்வூர்ப் பெருங்கிணற்றின் கரையில் சற்று நின்றேன். பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800-இல், கம்பன் அரையன் அமைத்தது. நாற்புறமும் படிக்கட்டுகள் திரும்பி இறங்குகின்றன. ஒன்றில் இறங்குபவரை மற்றொன்றில் நிற்பவர் காண முடியாது. பிரம்பால் விளைந்த கீழ்ப்படிதல் இங்கே முதல் திருப்பத்திலேயே முடிந்துபோகும் என்று தோன்றியது.

அன்பு வாசகரே, நாயைப் பற்றி மட்டுமே எழுதினால் நான் உண்மையை மறைத்தவனாவேன். எங்கள் மறைக்கல்வி வகுப்பில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் உண்டு. செபம் தப்பாகச் சொன்னதற்காக ஒருமுறை அவனை அறைந்திருந்தேன். பின்னொரு நாள் நெற்றியில் சிலுவை வரையக் கை நீட்டியபோது அவன் தலையை ஒதுக்கினான். அன்று அது குறும்பு என்றே நினைத்தேன். திருவெள்ளறையிலிருந்து திரும்பிய மாலை அவன் வீட்டுக்குச் சென்று, அவன் தாயின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நாய் கூப்பிட்டால் வருகிறது. கை உயர்ந்தால் மட்டும் இன்னும் காதுகளை மடக்கிக்கொள்கிறது. சிறுவனும் வகுப்புக்கு வருகிறான். கடைசி வரிசையில் அமர்கிறான். அஞ்சிய உயிரைத் தலைக்கு மேலிருந்து தொடாதீர்கள், மோவாய்க்குக் கீழிருந்து கையை நீட்டுங்கள் என்று அந்த இளைஞர் சொல்லி அனுப்பியிருந்தார். இருவருக்கும் கையைத் தாழ நீட்டியே காத்திருக்கிறேன்.