இரண்டு கிலோ முயல்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

"முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்" என்பார்கள். நாய்க்கு அது சரி. முயலுக்கு அந்தக் கதை செல்லாது நண்பர்களே! முயலுக்கு எப்போதும் ஒரே மூஞ்சிதான். வயிறு நிறைந்திருந்தாலும், நாளைக்குச் செத்துப்போகிற நிலையில் இருந்தாலும், அதே மூக்கை அதே மாதிரி ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போதாததற்கு ரோமம் வேறு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. எலும்பும் தோலுமாய் இருக்கிற முயல்கூடப் பார்வைக்குப் பஞ்சுப்பொதி மாதிரி கொழுகொழுவென்றுதான் தெரியும்.

எங்கள் வீட்டில் முயல் வளர்க்கிறோம். செல்லத்துக்கு இல்லை, கறிக்கு. ஹாஸ்டலில் இதைச் சொன்னால் முதல் கேள்வி, "ஐயோ பாவம், எப்படிடா மனசு வருது?" இரண்டாவது கேள்வி, "எப்படா எங்களுக்கு விருந்து?" இரண்டையும் கேட்பது பெரும்பாலும் ஒரே ஆள்தான்! "போலீஸ் பிடிக்காதா?" என்று கேட்பவர்களும் உண்டு. 1972-ம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதுதான் குற்றம். கூண்டில் வளர்ப்பது வேறு இனம். காட்டு முயலின் குட்டி கண் திறந்து, ரோமத்தோடு பிறக்கும். எங்கள் குட்டிகள் கண் மூடி, வெறும் சிவப்புத் தோலோடு பிறக்கும். ஒன்று ஐம்பது, அறுபது கிராம் இருந்தால் அதிகம். கண் திறக்கவே பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர். அப்பா லோடு ஏற்றும் வேலைக்குப் போக முடியாமல் முதுகு விட்டுப்போன வருடத்தில், அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து ஆரம்பித்த தொழில் இது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்று இரண்டு இனம். கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறதே, அங்கே வளர்க்கிற இனங்கள்தான். எங்களிடம் வாங்குகிற வியாபாரிக்கு ஒரே கணக்கு: பன்னிரண்டு வாரம், இரண்டு கிலோ. உயிரெடை இரண்டு கிலோ என்றால் உரித்த கறி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தேறும். இரண்டுக்குக் குறைந்தால் விலையைக் குறைப்பார். அந்த விலையில்தான் குழுத் தவணையும் என் பரீட்சை ஃபீஸும் இருக்கின்றன.

டிப்ளமோ படிக்கிற பையன் வீட்டில் இருக்கும்போது நோட்டுப் போடாமல் விடலாமா? ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நம்பர். வாரம் ஒரு தரம் எடை. லீவுக்குப் போகாத வாரங்களில் தங்கச்சி எழுதி வைப்பாள். இருபத்தொன்றாம் நாள் மட்டும் குட்டிகளைத் தனித்தனியாகப் போடாமல் மொத்தமாக ஒரு கூடையில் வைத்து நிறுப்போம். அதுவரைக்கும் குட்டி வளர்வது ஏறக்குறைய முழுக்கத் தாய்ப்பாலில்தான். அதனால் அந்த மொத்த எடை குட்டிகளின் மார்க் இல்லை, தாயின் மார்க்! ஒரு தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான், அதுவும் சில நிமிஷம்தான் பால் கொடுக்கும் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். நான்கு குட்டி போட்ட ஈத்தில் குட்டிகள் குண்டாகவும், ஒன்பது போட்ட ஈத்தில் சிறுசாகவும் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'இது நல்ல குட்டி, அது சோதா' என்று சொல்வது அநியாயம்.

முப்பத்தைந்தாம் நாள் தாயிடமிருந்து பிரிப்போம். அப்போது 550 கிராம். எண்பத்து நாலாம் நாள், அதாவது பன்னிரண்டு வாரத்தில், 1900 ஆகவேண்டும் என்றால் நாளுக்கு 27 கிராம் சொச்சம். கிராஃப் போட்டுப் பார்த்தால் நம் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' லேபில் வருகிற வளைகோடு மாதிரியே இருக்கும். முதலில் நேர்கோடு, அப்புறம் மெல்ல வளைந்து படுத்துவிடும். வளைந்த பிறகு முயல் தின்பது குறையாது, ஏறுவது குறையும். ஏறுவதும் சதையாக ஏறாமல் கொழுப்பாக ஏறும். சித்திரை வெயிலில் அந்தக் கோடு சீக்கிரமே சாய்ந்துவிடும். முயலுக்கு வியர்க்காது, காதுதான் அதன் ரேடியேட்டர். சூடு தாங்காமல் தீனியைக் குறைத்துவிடும். தை மாதத்து பன்னிரண்டு வாரமும் சித்திரையின் பன்னிரண்டு வாரமும் ஒன்றல்ல.

நிறுக்கிற நேரமும் ஒன்றாக இருக்கணும். ராத்திரி பூராவும் குதிரைமசாலும் அகத்தியும் தின்ற முயலைக் காலையில் நிறுத்தால் தீனியையும் சேர்த்துத்தான் நிறுக்கிறோம். சாயங்காலம் தீனி போடுவதற்கு முன்னால் நிறுப்பது எங்கள் வழக்கம். (காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பிடரித் தோலை ஒரு கையில் பிடித்து, பின்பக்கத்தை மறு கையில் தாங்கணும். தாங்காமல் விட்டால் உதைக்கிற வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும்.)

அம்மாவுக்கு என் நோட்டில் மரியாதை உண்டு, நம்பிக்கை அரைவாசிதான். அவர் முறை வேறு. சாக்கு விரித்த பெஞ்சில் முயலை உட்கார வைத்து, ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களைத் தோளிலிருந்து வால் வரைக்கும் முதுகுத்தண்டின் மேல் ஓட்டுவார். பிறகு தண்டின் இரண்டு பக்கத்துச் சதை, விலா, பின்தொடை. கடைசியில் உள்ளங்கையால் வயிறு. அவ்வளவுதான், பத்து விநாடி. அப்புறம் ஒரே வார்த்தையில் தீர்ப்பு. 'முள்ளு' என்றால், எலும்பு ஒவ்வொன்றும் ஹாக்ஸா பிளேடின் பல் மாதிரி விரலில் குத்துகிறது, மெலிவு. 'மணி' என்றால், மெல்ல அழுத்தும்போது எலும்பு உருண்டையாக, துணிக்கு அடியில் உருத்திராட்ச மணி மாதிரி தட்டுப்படுகிறது. அதுதான் வேண்டியது. 'மெத்தை' என்றால், தேடினாலும் எலும்பு கிடைக்கவில்லை, கொழுப்பு கட்டிவிட்டது. பெட்டை முயல் மெத்தை ஆகிவிட்டால் சினை பிடிப்பதே சிரமம். நம் ஒர்க்ஷாப்பில் 'கோ, நோ-கோ கேஜ்' வைத்து வேலை ஓகேயா இல்லையா என்று பார்ப்போமே, அது மாதிரி. ஆனால் அம்மாவின் கேஜுக்கு மூன்று முனை!

போன வருடம் ஒன்பது குட்டி ஈத்து ஒன்று. பிரித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆறாம் நம்பர் குட்டி 42-ம் நாள் 740 கிராம், 49-ம் நாள் 930. வாரத்துக்கு 190, நாளுக்கு 27. என் கிராஃபில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி உட்கார்ந்தது. அம்மா கையை ஓட்டிவிட்டு, "கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி. முயல் சரியில்ல" என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். முதுகு முள்ளு, வயிறு மட்டும் தவில் மாதிரி விறைப்பு. கூண்டுக்கு அடியில் உருண்டைப் புழுக்கைக்குப் பதிலாகச் சேறு மாதிரி கழிச்சல். அந்த 190 கிராமில் சதை எவ்வளவு, வயிற்றில் கட்டிய நீர் எவ்வளவு என்று தராசுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கே கழிச்சலை எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினோம். டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு 'காக்சிடியோசிஸ்' என்றார். கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் கொடுக்கிற கிருமியின் பங்காளி. தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். "மருந்து பாதி வேலைதான்மா, மீதி விளக்குமாறு" என்றார். கழிச்சலோடு வெளியே வருகிற அந்த முட்டை, ஒரு நாளாவது வெளியில் கிடந்தால்தான் அடுத்த முயலுக்குத் தொற்றுகிற அளவுக்கு முதிருமாம். அதற்குள் கூட்டித் தள்ளிவிட்டால் சங்கிலி அறுந்தது. இரண்டு வேளையும் கூட்டினோம். ஆறாம் நம்பர் நாலாம் நாள் போய்விட்டது. கூடவே இரண்டாம் நம்பரும். தங்கச்சி அன்று சாப்பிடவில்லை. மீதி ஏழு பிழைத்தன.

பிழைத்தாலும் வளர்ச்சி தடைப்பட்டது. பன்னிரண்டு வாரம் முடிந்தபோது ஏழும் 1.7 கிலோவை ஒட்டியே நின்றன. வியாபாரி வந்தார். மருந்து நிறுத்தி டாக்டர் சொன்ன நாட்கள் கழிந்திருந்ததால் விற்பதில் தடையில்லை. "எல்லாம் சின்னதா இருக்கேக்கா. சரி, நமக்குள்ள என்ன, குறைச்சுப் போட்டு ஏழையும் எடுத்துக்கறேன்" என்றார். தவணை ஐந்தாம் தேதி, அன்றைக்குத் தேதி மூன்று. அப்பா "கொடுத்துடு" என்கிற மாதிரி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா ஏழையும் வரிசையாகப் பெஞ்சில் ஏற்றிக் கையை ஓட்டினார். தராசில் ஏழும் ஒன்றுதான். கையில் இரண்டு வகை. மூன்று முயல்கள் சின்ன எலும்பு, ஆனால் சதை பிடித்து 'மணி'யைத் தாண்டிக்கொண்டிருந்தன. இனிமேல் போடுகிற தீனி கொழுப்பாகத்தான் போகும். நான்கு முயல்கள் நீள முதுகு, அகன்ற பின்பக்கம், எலும்பு பெரிசு, சதைதான் இன்னும் நிரம்பவில்லை. வியாபாரியின் கண் அந்த நான்கின் மேல்தான் இருந்தது! "இந்த மூணையும் கொண்டு போங்கண்ணே. அது நாலும் இன்னும் வளரும்" என்று அம்மா முடித்துவிட்டார். மூன்றின் பணம் தவணைக்குச் சரியாக இருந்தது, பஸ்ஸுக்கு மிச்சம் இல்லை.

நாளுக்கு 25 கிராம் வீதம் ஏறினாலும் 300 கிராமுக்குப் பன்னிரண்டு நாள் என்று நான் கணக்குச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நிறுத்தோம்: 2.02, 1.98, 2.05, 1.91. கடைசி ஒன்றையும் வியாபாரி முழு விலைக்கே எடுத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

நோட்டில் ஆறாம் நம்பருக்கு நேரே 930 என்ற எண் அப்படியே இருக்கிறது. அதற்கடுத்த பக்கத்திலிருந்து எடைக்குப் பக்கத்தில் 'கை' என்று இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன். இப்போது எட்டுக் குட்டி ஈத்து ஒன்று ஆறாவது வாரத்தில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போனில் வாசித்தாள்: ஏழு மணி, ஒரு முள்ளு. முள்ளைத் தனிக் கூண்டில் போட்டிருக்கிறார்களாம்.