சுவர் இருந்தால்தான் சித்திரம்

குண்டு விழுந்த நாள் வரலாற்றில் பதிவாகிறது. அதற்குப் பின்வரும் நாற்பது நாள்கள் எதிலும் பதிவாவதில்லை. போரில் அடிபட்ட பழைய கட்டடங்களுக்கு முதலுதவி செய்கிற எங்களுக்கு அந்த நாற்பது நாள்கள்தான் முக்கியம். குண்டு தன் வேலையை ஒரு நொடியில் முடித்துவிடும். அது திறந்துவிட்ட கூரை வழியே இறங்கும் மழை, பிளந்த சுவருக்குள் உட்கார்ந்து சுண்ணாம்புச் சாந்தைக் கரைக்கும் ஈரம், வழியை அடைக்கிறது என்று இடிபாட்டை அள்ளித் தள்ளும் புல்டோசர், இரவில் வந்து சிற்பக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர், நல்லெண்ணத்தோடு சிமெண்ட் குழைத்து விரிசலில் அப்புகிறவர் எல்லோரும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். தாக்குதலைத் தாங்கி நின்ற சுவர் முதல் மழைக்காலத்தில் சரிந்துவிடுவது உண்டு. அந்தச் சரிவைத் தடுப்பதே எங்கள் தொழில். அதைச் சீரமைப்பு என்று சொல்வது பொருந்தாது. அவகாசம் வாங்கித் தருவது என்பதே சரி. அந்த இடத்தை என்ன செய்யலாம் என்று அந்த ஊர் மக்கள் நிதானமாக உட்கார்ந்து பேசும் நாள் ஒன்று வரும். அன்றைக்குப் பேசுவதற்கு ஏதேனும் மிச்சம் இருக்க வேண்டும். இதற்கு மேல் முதலுதவிக்காரர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் பின்னால் வருகிறவர்களின் உரிமையில் கைவைப்பதாகும் என்பதே என் வாதம்.

இத்தாலியின் பீசா நகரிலுள்ள காம்போசாந்தோ இதற்கு நல்ல சாட்சி. சாய்ந்த கோபுரத்துக்கு அருகே, நாற்புறமும் நடைகூடம் சூழ்ந்த பழைய இடுகாடு அது. அதன் சுவர்களில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டிய பெரும் ஓவியங்கள் நிறைந்திருந்தன. 1944 ஜூலை 27 அன்று பீரங்கிக் குண்டு விழுந்து கூரை தீப்பற்றியது. மர உத்தரங்கள் எரிந்தன. மேலே வேய்ந்திருந்த ஈயத் தகடுகள் உருகிச் சுவர்களில் வழிந்தன. வண்ணப் பூச்சு உப்பி வெடித்துத் துண்டு துண்டாகத் தரையில் கொட்டியது. செப்டம்பரில் நேச நாட்டுப் படையோடு ஊருக்குள் வந்த டீன் கெல்லர், போருக்கு முன் யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தவர். ஓவியம் தெரிந்த கை, ஓவியத்தைச் சரிசெய்யத்தான் முதலில் துடித்திருக்கும். அவர் அதில் இறங்கவில்லை. ராணுவப் பொறியாளர்களையும் உள்ளூர்க் கைவினைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, குளிர்கால மழை முற்றுவதற்குள் சுவர்களுக்கு மேல் தற்காலிகக் கூரை போட ஏற்பாடு செய்தார். தரையில் கிடந்த வண்ணத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்க வைத்தார். அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ எத்தனை பெரியது என்பது தெரிய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஓவியங்களை வல்லுநர்கள் பிற்பாடு உரித்து எடுத்தபோது, அடியில் அந்த ஓவியர்கள் செம்மண் நிறத்தில் முதன்முதலாகப் போட்ட கோட்டுருவங்கள் வெளிப்பட்டன. பல நூற்றாண்டுகளாக யார் கண்ணிலும் படாத அந்தக் கோடுகளுக்கென்றே 1979இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. உரித்த ஓவியங்களை ஒட்டிவைத்த கல்நார் சிமெண்ட் பலகைகளும் பசையும் நாளடைவில் ஓவியத்தையே கெடுக்கத் தொடங்கின. கல்லாய் இறுகிப்போன பசையைக் கரைக்க, அதைத் தின்னும் பாக்டீரியாவைப் பயன்படுத்தும் வழியைப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். புஃபல்மாக்கோ தீட்டிய ‘மரணத்தின் வெற்றி’ 2018இல்தான் தன் சுவருக்குத் திரும்பியது. கோட்டுருவமோ பாக்டீரியாவோ 1944இல் கெல்லருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் காத்தது தனக்குத் தெரியாத ஒன்றை. இடையில் வந்தவர்கள் செய்த தவறுகளைக்கூட அவர்களுக்குப் பின் வந்தவர்கள் திருத்த முடிந்ததற்கு, திருத்துவதற்குப் பொருள் கையில் இருந்ததே காரணம். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. சுவரை வைத்திருந்தால், எழுதியிருப்பதாக நாம் அறியாத சித்திரமும் கிடைக்கும் என்று பீசா சேர்த்துச் சொல்கிறது.

இந்தக் கட்டுப்பாடு கைவேலையின் ஒவ்வொரு அடியிலும் தெரிய வேண்டும். முட்டுக் கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். வெடி அகற்றுவோர் அனுமதி தந்து, இருக்கிற நிலையை இருக்கிறபடியே படமெடுத்து அளந்த பிறகுதான் சுவரை நெருங்கலாம். மரக்காலை நட்டு, அதன் தலைக்கும் சரியத் தொடங்கிய வளைவின் அடிப்பக்கத்துக்கும் இடையே பலகை வைத்து, செதுக்கிய கல் நசுங்காதபடி மெத்தென்ற துணி கொடுத்து, அடியில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளைச் செருகுகிறோம். ஆப்பை எவ்வளவு அடிப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. வளைவின் பாரம் மரக்காலில் இறங்குகிற அளவுக்கு அடிக்கலாம். வளைவைத் தூக்கிப் பழைய இடத்துக்கே கொண்டுபோக நினைத்தால் உச்சிக்கல் நழுவி மொத்தமும் தலையில் இறங்கும். சுவர் தனக்கென்று ஒரு புதிய சமநிலையைத் தேடிக்கொண்டிருக்கிறது. அது கோணலாக இருந்தாலும் இப்போதைக்கு அதையே மதிக்க வேண்டும். பிறகு விரிசலின் குறுக்கே மெல்லிய ஜிப்சம் பட்டை ஒன்றைப் பூசி, அதன்மேல் தேதி எழுதி வைக்கிறோம். பட்டை முறிந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். தேதியைப் பார்த்தால் எத்தனை நாளில் என்பது தெரியும். இதைவிட மலிவான கருவி இந்தத் தொழிலில் கிடையாது. இதைவிட நேர்மையானதும் கிடையாது.

சிரியாவின் இட்லிப் மாகாணத்திலுள்ள மஅர்ரத் அன்-நுஃமானில் நடந்ததும் இதே ஒழுங்கில்தான். பதினாறாம் நூற்றாண்டில் உதுமானியர் கட்டிய முராத் பாஷா சத்திரத்தில், ரோமானிய, பைசாந்தியக் காலத்துக் கல்பதிப்பு ஓவியங்கள் சுவர்களில் பொருத்தி வைக்கப்பட்டிருந்தன. பெரியவற்றைக் கழற்றிக் கொண்டுபோக வழியில்லை. உள்ளூர்த் தொல்லியலாளர்களும் தன்னார்வலர்களும், வெளிநாட்டு அறிஞர்கள் சிலரின் துணையோடு, ஓவியத்தின் முகத்தில் நீரில் கரையும் பசையால் துணி ஒட்டினார்கள். மேலே டைவெக் என்னும் செயற்கை இழைத் தாளைப் போர்த்தினார்கள். அதன்முன் மணல்மூட்டைகளை அடுக்கினார்கள். இப்படித் துணி ஒட்டும்போது சிறு சிறு துண்டாக, ஒன்றன் ஓரம் இன்னொன்றின்மேல் படியும்படி ஒட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் நீவிக் காற்றை வெளியேற்ற வேண்டும். விரல் நகத்தளவு கற்கள் சுவரை விட்டுப் பெயர்ந்தாலும், துணியில் ஒட்டியபடி தம் வரிசை மாறாமல் தொங்கும். 2015 ஜூனில் பீப்பாய்க் குண்டுகள் சத்திரத்தைத் தாக்கின. கட்டடம் கடுமையாகச் சேதமடைந்தது; கல்பதிப்புகளில் பெரும்பாலானவை தப்பின. நான் இங்கே கவனிக்கச் சொல்வது பசையை. வலுவான பசைகள் எத்தனையோ உண்டு. அவர்கள் தேர்ந்தெடுத்தது, நாளை ஒருவர் ஈரத்துணி வைத்துக் கரைத்துவிடக்கூடியதை. விரிசலில் சிமெண்ட் கூடாது என்று நாங்கள் வாதாடுவதும் இதற்காகத்தான். சிமெண்ட் பழைய சுண்ணாம்பைவிடக் கடினமானது; ஈரத்தை வெளியே விடாது; உப்பைக் கொண்டுவரும்; பிறகு அதைப் பெயர்த்தெடுக்கப் போனால் பழைய கல்லும் சேர்ந்து உடையும்.

இடிபாடு பற்றியும் இதையே சொல்ல வேண்டும். ஈராக்கின் மோசுல் நகரில் 2017இல் போர் ஓய்ந்தபோது 70 லட்சம் டன்னுக்கு மேல் இடிபாடு கிடந்தது. அள்ளிக் கொட்டாமல் அங்கே யாரும் வாழ முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டு ஜூன் 21 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட அல்-நூரி பள்ளிவாசலிலும், கூன்விழுந்தது என்று ஊரார் செல்லப்பெயரிட்டு அழைத்த அதன் அல்-ஹத்பா மினாரிலும் இடிபாட்டைக் கையால் பிரித்தார்கள். சுமார் 45,000 செங்கற்கள் மீட்கப்பட்டன. மினாரை மீண்டும் எழுப்புகையில் அந்தப் பழைய செங்கற்களையும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 2024இல், தொழுகைக் கூடத்தின் சுவருக்குள் புதைத்துவைத்த ஐந்து வெடிகுண்டுகளைக் கண்டார்கள். அவசரப்பட்டு இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. குவியலாய்க் கிடக்கும்போது செங்கலுக்கு இன்னும் முகவரி இருக்கிறது: எந்தத் திசையில் விழுந்தது, எதன்மேல் விழுந்தது, பக்கத்தில் எது கிடந்தது. தரையைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைக் கல்லோடு சேர்த்துக் கட்டிவைத்தால் முகவரி பிழைக்கும். லாரியில் ஏறிவிட்டால் அது வெறும் ஜல்லி. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் டச்சுக்காரர் 1706இல் எழுப்பிய தேவாலயம் இலங்கை உள்நாட்டுப் போரில் தரைமட்டமானது. கோட்டையின் சீரமைப்பு போர் முடிந்த பிறகுதான் தொடங்கியது. மதிலை மீண்டும் கட்டலாம். விழுந்த வளைவின் கற்களுக்கு அவற்றின் வரிசையை இனி யார் திருப்பித் தருவது என்ற கேள்வி, அந்த இடத்தை அறிந்தவர்களை வருத்தாமல் இருக்காது.

உயிர்கள் போகும்போது கல்லுக்கு என்ன வைத்தியம் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. அதை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. இடிபாட்டுக்கடியில் ஒரே ஒருவர் உயிரோடு இருக்கக்கூடும் என்றாலும் இயந்திரத்துக்கு வழிவிட்டு நாங்கள் ஒதுங்க வேண்டும். இதில் பேரம் இல்லை. ஆனால் தையல் போடும் மருத்துவரின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி யாரும் துணி ஒட்டுவதில்லை. மஅர்ரத் அன்-நுஃமானில் மணல்மூட்டை சுமந்தவர்கள் அதே குண்டுவீச்சுக்கு நடுவே வாழ்ந்தவர்கள். சிரியாவின் பழம்பெரும் நகரான பல்மைராவின் தொல்லியல் பொறுப்பை நெடுங்காலம் வகித்த காலித் அல்-அசாத், 2015 ஆகஸ்டில் தன் ஊரிலேயே கொல்லப்பட்டார். ஊரைவிட்டுப் போக அவர் மறுத்திருந்தார். மாலி நாட்டின் திம்புக்துவில் 2012இல் இடிக்கப்பட்ட சமாதிகளைப் பழைய முறைப்படி மண் குழைத்துக் கட்டி எழுப்பியவர்கள் அந்த ஊர்க் கொத்தனார்கள். உயிரா கல்லா என்ற கேள்வி பெரும்பாலும் தொலைவிலிருந்து எழுகிறது. அங்கே வாழ்கிறவர்களுக்கு, திரும்பி வந்தால் இது நம் ஊர்தான் என்று அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்று நிற்க வேண்டியிருக்கிறது. அந்தச் சமாதிகளை இடித்த வழக்கில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் அஹ்மத் அல்-மஹ்திக்கு ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தது. கல்லுக்கு நேர்ந்தது மனிதருக்கு நேர்ந்த குற்றமாகவே விசாரிக்கப்படலாம் என்பதால், தொடுமுன் படமெடுப்பது சாட்சியத்தைக் காப்பதும் ஆகிறது.

தற்காலிகம் என்று போட்டது நிரந்தரமாகிவிடுகிறதே என்பது எங்கள் துறைக்குள்ளிருந்தே வரும் ஆட்சேபம். எனக்கு இதுதான் மிகக் கனமானதாகத் தெரிகிறது. 1943 ஆகஸ்டில் மிலான் நகரத்து மடம் ஒன்றின் உணவுக்கூடத்தின் கூரையும் பக்கச் சுவரும் விழுந்தபோது, லியனார்தோவின் ‘கடைசி விருந்து’ இருந்த சுவர் நின்றதற்கு அதன்முன் அடுக்கியிருந்த மணல்மூட்டைகளுக்குப் பெரும் பங்குண்டு. 2022இல் கீவிலும் கார்கிவிலும் சிலைகளை அப்படித்தான் மூடினார்கள். ஆனால் மணல்மூட்டை ஈரத்தைப் பிடித்துவைக்கும். வெயிலில் பை மக்கிக் கிழியும். காற்று புக இடைவெளி விடாமல் சுவரோடு ஒட்டி அடுக்கினால், காக்க வந்ததே உப்பும் பூஞ்சையுமாகச் சுவரை அரிக்கும். தார்ப்பாயும் அப்படியே: இழுத்துக் கட்டாவிட்டால் மழைநீர் தேங்கி, அந்தக் கனத்தில் மிச்சக் கூரையும் இறங்கும். ஆகவே ஆட்சேபத்தை ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து கிடைக்கும் பாடம் முதலுதவியே வேண்டாம் என்பதல்ல. மூட்டையை அடுக்கும் அன்றே, யார் எப்போது வந்து பார்ப்பது, எப்போது பிரிப்பது என்பதை எழுதிவைக்க வேண்டும்; கூரைக்கு ஒதுக்கும் பணத்தோடு அதைக் காவல் காக்கும் ஆளின் கூலியையும் ஒதுக்க வேண்டும். அவகாசத்துக்கு ஒரு முடிவுநாள் குறிக்காவிட்டால் அதன் பெயர் கைவிடல்.

இன்னும் இரண்டு குரல்கள் உண்டு. முப்பரிமாணப் பதிவு எடுத்துவிட்டால் அப்படியே செய்துகொள்ளலாமே என்கிறது ஒன்று. பல்மைராவில் தகர்க்கப்பட்ட வளைவைச் சிறிய அளவில் பளிங்கில் இயந்திரம் செதுக்கி 2016இல் லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். உருவம் வந்தது. உளியின் தடமும், சாந்தில் கலந்த மணல் எந்த ஊர் என்பதும், பூச்சுக்குள் ஒளிந்திருக்கும் பழைய பூச்சும் வரவில்லை. படம் மேற்பரப்பை மட்டுமே அறியும். இடிந்ததை இடிந்தபடியே நினைவுச்சின்னமாக விட்டுவிடுங்கள் என்கிறது மற்றது. மதிக்கத்தக்க முடிவுதான். ஆனால் இடிபாடும் தானாக நிற்பதில்லை. 1944இல் படுகொலை நடந்த பிரான்சின் ஒராதூர்-சுர்-கிளான் கிராமத்தை இடிந்த நிலையிலேயே காக்கிறார்கள். மழையும் பனியும் அந்தச் சுவர்களை விடாமல் அரித்துக்கொண்டிருக்கின்றன. அணுகுண்டில் சிதைந்த ஹிரோஷிமாவின் குவிமாடத்தை நிற்கவைக்க 1967இல் தொடங்கிப் பலமுறை வலுவூட்டினார்கள். இடிபாடாக விட்டுவைப்பதா, புதிதாகக் கட்டுவதா, இரண்டுக்கும் நடுவே ஒன்றா என்ற கேள்விக்கு மோசுல் ஒரு விடை தந்தது, ஹிரோஷிமா வேறொரு விடை தந்தது. இரண்டுக்குமே முதல் தேவை, விழாமல் நிற்கும் சுவர்.

முதலுதவிக்காரருக்கு அழகான முடிவைக் காட்டும் வாய்ப்பு கிடைப்பதில்லை. அவர் விட்டுச்செல்வது கோணல் சுவர், கண்ணை உறுத்தும் மரமுட்டு, எண் போட்ட கற்குவியல், கிழியாமல் கட்டிய தார்ப்பாய். திறப்பு விழாவுக்கு முன் இவை எல்லாமே கழற்றி எறியப்படும். எறியக்கூடியதாக இருக்க வேண்டும். நல்ல முதலுதவிக்கு அதுதான் அளவுகோல். விரிசலின்மேல் பூசிய அந்த ஜிப்சம் பட்டை, எழுதிய தேதியோடு, பல ஆண்டுகள் கழித்தும் முறியாமல் இருக்குமானால், அடுத்து வருகிற கொத்தனார் அதை உளியின் ஒரு தட்டில் பெயர்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்கலாம்.