மூன்று சென்டில் முள்ளங்கி

அரசு கொடுத்த மூன்று சென்ட் மனையில் வீடு போக, பின்னால் மிஞ்சியது கொஞ்சம் மண். போன கார்த்திகையில் அதில் முள்ளங்கி போட்டோம்.

ஒரு அடி ஆழம் கொத்திக் கல் பொறுக்கினோம். கல் கிடந்தால் கிழங்கு கோணும். மக்கிய சாணம் போட்டு, பார் பிடித்து, விதை ஊன்றினோம். நெருக்கமாக முளைத்ததைப் பத்தாம் நாள் அம்மா கலைத்துவிட்டார். "எடம் விட்டாத்தான் கெழங்கு எறங்கும்" என்றார். 45ஆம் நாள் பிடுங்கினோம். தாமதித்தால் நார் விழுந்துவிடும். கீரை பொரியலானது, கிழங்கு சாம்பாருக்குப் போனது.

ஊர்க்காரர் தோட்டத்தில் நாற்பது வருடம் முள்ளங்கி பிடுங்கிக் கட்டு கட்டியவர் அம்மா. அந்தக் கட்டுகள் எல்லார் வீட்டு அடுப்படிக்கும் போயின. தனக்கென்று பிடுங்கியது இதுதான் முதல் தடவை. மிச்சத்தை ஊர்த்தெருவுக்கு விற்கக் கொண்டுபோனோம். "காலனியில வெளஞ்சதா?" என்று கேட்டுவிட்டு, கையிலெடுத்ததைத் திரும்ப வைத்தார்கள். அதே கை, அதே முள்ளங்கி. மண் மட்டும் எங்களுடையது. அதுதான் அவர்களுக்கு உறுத்துகிறது.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் எங்கள் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அப்படி வந்த பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி பிறர் கையில்தான் இருக்கிறது.

விவசாயம் எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடுங்கள். என்ன விதைப்பது, எப்போது பிடுங்குவது என்பது எங்கள் அம்மாக்களுக்குத் தெரியும்.