கத்தரிக்காய்க்குள் பன்றியின் ஜீனா?



கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டம் செய்பவர்களும் சந்தையில் மரக்கறி வாங்குபவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 விஞ்ஞானப் பாடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், ஜீஎம் கத்தரிக்காய்க்குள்ள பன்றிட ஜீன் போடுறாங்களாம். அது ஹறாமா?" வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவாம். வகுப்பில் பாதிப் பேர் அதைக் கேட்டிருந்தார்கள். ஊரில் பெரியவர்களும் இதையே கதைப்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கத்தரி நம் நாட்டில் இல்லை. மரபணு மாற்றிய எந்தப் பயிரும் இலங்கையில் வணிகத்துக்காகப் பயிரிடப்படுவதில்லை. அது இருப்பது பங்களாதேஷில். 2013இல் அந்நாட்டு அரசு அனுமதித்தது; 2014 தொடக்கத்தில் 20 விவசாயிகள் முதன்முதலில் நட்டார்கள். அதற்குள் வைக்கப்பட்டது மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவின் மரபணு. பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு என்று படித்தோமே, அதுதான். அதனால் செடி தானே ஒரு புரதத்தை உண்டாக்கும். தண்டையும் காயையும் துளைக்கும் புழு அதைத் தின்றால் குடல் பழுதாகிச் செத்துவிடும். மனிதக் குடலில் அந்தப் புரதம் பற்றிக்கொள்ள இடமில்லை. மற்றப் புரதங்களைப் போலச் சமித்துவிடும். பன்றிக்கு இதில் வேலையே இல்லை. மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் அவர்களிடம் போகும் தகவலாவது சரியாக இருக்க வேண்டும்.

நன்மை என்ன? என் சாச்சா கத்தரித் தோட்டம் செய்கிறார். காய்க்கும் காலத்தில் கிழமைக்கு இரண்டு தரம் மருந்து அடிப்பார். முகமூடி இல்லை, கையுறை இல்லை. இரவில் கண் எரிகிறது என்று முனகுவார். புதன்கிழமை மருந்து பட்ட காய் வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்துவிடும். வாங்குவது நாம்தான். பங்களாதேஷில் இந்தப் புழுவுக்கு அடிக்கும் மருந்து குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விதையை வெளியிட்டதும் அரச நிறுவனம். விவசாயி தானே விதை எடுத்து வைக்கலாம். ஆனாலும் வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு இது மருந்தல்ல.

இனி மறுபக்கம். இந்தியாவில் 2002இல் அதே பற்றீரியாவின் மரபணு வைத்த பருத்தி வந்தது. முதலில் நல்ல பலன். ஓரத்தில் சாதாரணப் பருத்தியும் நட வேண்டும், அப்போதுதான் புழு பழகிக்கொள்ளாது என்று விதி இருந்தது. பெரும்பாலானோர் நடவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது. மருந்து அடிப்பது திரும்பி வந்தது. கலப்பின விதை என்பதால் ஒவ்வொரு போகத்துக்கும் காசு கொடுத்து விதை வாங்கவும் வேண்டும். அதே இந்தியா 2010இல் கத்தரியை நிறுத்தி வைத்தது. நமக்கு இன்னொரு கவலையும் உண்டு: நம் மண்ணில் காட்டுக் கத்தரி இனங்கள் வளர்கின்றன. மகரந்தம் அவற்றுக்கும் போகலாம்.

ஒரே பற்றீரியாவின் மரபணு, இரண்டு அனுபவங்கள். அதனால்தான் நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன்: ஜீஎம் என்ற பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எந்த மரபணு? விதை யாருடைய கையில்? நட்ட பிறகு யார் கண்காணிப்பது? ஒவ்வொரு பயிருக்கும் இதைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

விவசாயியைக் கேட்காமல் எடுக்கும் முடிவு எப்படி முடியும் என்று நமக்குத் தெரியும். 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடுத்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் அந்தப் பெரும்போகம் கையை விட்டுப் போயிருந்தது. நாளை இந்த விதை வந்தாலும், வராமல் தடுத்தாலும், முதலில் கமக்காரர்களோடு கதைக்க வேண்டும்.

அதுவரை நம்மால் முடிந்தது இது. புழு விழுந்த நுனிகளையும் காய்களையும் வெட்டி அழியுங்கள். மருந்து அடிக்கும்போது வாயையும் மூக்கையும் மூடுங்கள். மருந்துப் போத்தலில் எழுதியிருக்கும் நாட்கள் கழியாமல் காய் ஆயாதீர்கள். சந்தேகம் இருந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். நம் பிள்ளைகளின் தட்டுக்கு வரும் காய் என்பதால் இதுவும் ஓர் அமானிதம்தான்.

கத்தரி செய்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.