பரம்பரையா, பதிவா?

வாப்பாவின் இரும்புப் பெட்டிக்குள் ஒரு கடதாசி இருந்தது. கடை உறுதி, உம்மாவின் காவின் பத்திரம் எல்லாவற்றுக்கும் அடியில், வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். இந்தியர், பாகிஸ்தானியர் வதிவாளர் சட்டத்தின் கீழ் 1950களில் அவருக்குக் கிடைத்த பிரஜாவுரிமைச் சான்றிதழ் அது. பராயமடையாத பிள்ளை என்ற வகையில் என் பெயரும் அதில் இருந்தது.

"கேட்டா மட்டும் காட்டு மகன். கேக்காட்டி வாயத் தொறக்காத."

ஒருவரும் கேட்கவில்லை. 1972இல் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்தபோது, 'பரம்பரையா, பதிவா?' என்ற கேள்விக்கு எதிரே 'பரம்பரை' என்பதற்குப் புள்ளடி போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது. பதுளைக் கடைத்தெருவில் பிறந்த சோனகப் பொடியனை யார் சந்தேகிக்கப் போகிறார்கள்?

வாப்பா தொண்டிப் பக்கத்திலிருந்து பதினைந்து வயதில் வந்தவர். உம்மா பதுளைக்காரி, உம்மும்மாவும் இங்கேதான் மண்ணானார். ஆனால் 1948 நவம்பர் 15இல் அமுலுக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு உம்மா வழி கணக்கில் இல்லை. தகப்பன் இங்கு பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்திருக்க வேண்டும். அடுத்த வருடம் வந்த வதிவாளர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். வாப்பா அந்தச் சிறிய தொகைக்குள் விழுந்தார். கடை வாடகைச் சிட்டைகளைத் திகதிவாரியாகக் கோர்த்து வைத்திருந்த மனிதர். கொழுந்து பறிக்கிறவளிடம் என்ன சிட்டை இருக்கும்? அவள் பேர் பதிந்த செக்ரோல் துரையின் கந்தோரில் அல்லவா இருந்தது.

இதையெல்லாம் கிளறியவன் என்னிடம் படித்த ஒரு பையன். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டம். 2001இல் உயர்தரம் முடித்துவிட்டுப் பொலிஸில் சேர வேண்டும் என்று வந்து நின்றான். ஏன் பொலிஸ் என்று கேட்டேன்.

"எங்கம்மா ஒருக்கா என்ட்ரி போடப் போனிச்சிங்க சேர். அது சொன்னத அவங்க சிங்களத்துல எழுதுனாங்க. என்னா எழுதியிருக்குன்னு தெரியாமலே அம்மா கைநாட்டு வச்சிட்டு வந்திச்சி. அங்க நம்ம பாச தெரிஞ்ச ஒருத்தன் இருந்தா..."

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது ஒருவர், "தோட்டத்துப் பொடியனுக்குத் துவக்குக் குடுக்கவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துவக்கு யார் கையில் என்ற கேள்வி மலைநாட்டுக்குப் புதிதல்ல. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதே வருடம் பதுளையின் வெவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர்கள் துவக்குகளைப் பறித்துவிட்டார்கள் என்று சமசமாஜிகளின் வரலாறு சொல்கிறது. லயத்து மனிதனின் கையில் துவக்கு இருந்ததாக நான் அறிந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

கிழக்கில் 1990க்குப் பிறகு நம்மவர்கள் ஊர்காவல் படையில் துவக்கு வாங்கினார்கள். அவர்களிடம் பாட்டன் பிறந்த ஊரை எவரும் விசாரித்ததாக நான் கேள்விப்படவில்லை. நம் பத்திரிகையில் இதை எழுதுவது சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

பையனின் கதை வேறு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. அவனுடைய தாத்தா இந்தியப் பங்கு. பாஸ்போட் வந்துவிட்டது, பயணம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. பதுளை ஸ்டேஷனிலிருந்து அழுகுரலோடு புறப்பட்ட அந்த ரயில்களை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அவர்களுடைய முறை வருமுன், 1984இல், தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. பாஸ்போட் பெட்டிக்குள் கிடக்க, அவர்கள் லயத்திலேயே கிடந்தார்கள். பையன் பிறந்தது நமுனுகுலையில். கடதாசியின்படி அவன் இலங்கையன் இல்லை. பிரஜை அல்லாதவன் பொலிஸுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. அந்த டிசம்பரில் பத்துப் பதினொரு நாட்களுக்குள் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜைகளானார்கள். கடதாசி கையில் வந்ததும் அடுத்த விளம்பரத்துக்கு விண்ணப்பப் படிவத்தோடு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

"இதுல எதுக்குங்க சேர் புள்ளடி போடுறது?"

அதே கேள்வி. பரம்பரையா, பதிவா? 1978 அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை, பிரஜாவுரிமை எந்த வழியில் வந்தது என்பதைக் கொண்டு எந்த நோக்கத்துக்காகவும் பிரஜைகளுக்கிடையில் வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. படிவம் அச்சடித்தவர்கள் அதை வாசிக்கவில்லை போலும்.

"உண்மையப் போடு. பதிவுன்னு போடு" என்றேன். வாத்தியார்தனமாகத்தான் சொன்னேன். பரம்பரைக்குப் புள்ளடி போட்டுச் சம்பளம் வாங்கியவன் சொன்ன புத்தி அது.

நேர்முகத்தில் பாஸ்போட் பற்றியே அதிகம் கேட்டார்களாம். இந்தியாவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. அதனால்தான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். உயரம் போதாமலும் இருந்திருக்கலாம். காரணம் எழுதிய கடிதம் வந்திருந்தாலாவது கோபப்பட ஓர் இடம் இருந்திருக்கும்.

அமெரிக்காவிலிருக்கும் மருமகன் அண்மையில் ஒரு செய்தி சொன்னான். கலிபோர்னியாவில் 2023 முதல், வேலை செய்யச் சட்டபூர்வ அனுமதி உள்ளவர் பிரஜையாக இல்லாவிட்டாலும் பொலிஸில் சேரலாமாம். இலினோயிலும் 2024 முதல் வழி திறந்திருக்கிறதாம். ஆனால் மத்திய சட்டப்படி அவர் துவக்கு வைத்திருக்கலாமா என்று அங்கேயும் பார்க்கிறார்களாம். சீருடை ஒரு கேள்வி, துவக்கு இன்னொரு கேள்வி. கேட்டுக்கொண்டிருந்தபோது பையனின் முகம்தான் வந்தது.

அவனைப் பல வருடம் கழித்து கொழும்பில் கண்டேன். ஒரு நகைக்கடை வாசல், நீலச் சட்டை, தொப்பி. என்னைக் கண்டதும் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். உள்ளே ஸ்டூலில் இருந்த இன்னொரு காவலாளியின் மடியில் துவக்கு இருந்தது.

"ஒனக்குத் தரல்லியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது அவருக்குங்க சேர். எனக்கு விசிலு."

பிறகு, சிரித்துக்கொண்டே, "நீங்க அப்ப எதுக்குங்க சேர் புள்ளடி போட்டீங்க?" என்றான்.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. அவன் கதவைத் திறக்க ஓடினான்.